டிரில் பிடிப்பவரிடம் சொன்னீர்களா?

பழைய வணிகக் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கனிம நார் எங்கே இருக்கிறது என்று ஆய்வு செய்து சொல்வது என் வேலை. போகும் இடத்தில் எல்லாம் உரிமையாளர் முதலில் காட்டுவது கூரை ஷீட்டைத்தான். எனக்கு அதைப் பார்த்துப் பெரிய பதற்றம் வருவதில்லை. அதில் நார் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம். மீதி சிமெண்ட் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும். அறுக்காமல், உடைக்காமல், பிரஷ் போட்டுத் தேய்க்காமல் விட்டால் பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

என் கண் போவது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே. இரும்பு உத்திரங்களில் தீத்தடுப்புக்காகப் பஞ்சு மாதிரி அடித்த பூச்சு, பாய்லர் அறைக் குழாய்களைச் சுற்றிய உறை ஆகியவைதான் ஆபத்தானவை. அவற்றில் பாதிக்கு மேலேகூட நார் இருக்கலாம். விரலால் நசுக்கினாலே உதிரும். அடுத்தது தடுப்புச் சுவர்களிலும் தீக்கதவுகளிலும் வைத்த, இந்த நார் கலந்த பலகை. பார்த்தால் சாதாரண பலகைதான். பெயின்ட் அடித்திருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. பழைய வினைல் தரை ஓடு, அதன் அடியில் உள்ள கறுப்புப் பசை, ஃபியூஸ் பெட்டிக்குள் இருக்கும் நெய்த துணி என்று பட்டியல் நீளும்.

ஒரு அலுவலகக் கட்டடத்துக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். நெட்வொர்க் கேபிள் போட வந்த பையன் தடுப்புப் பலகையில் வரிசையாக ஓட்டை போட்டிருக்கிறான். விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கியாயிற்று. ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. மேலாளர் என்னிடம், "ரிப்போர்ட் எல்லாம் இருக்கு சார்" என்றார். உண்மைதான். அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று படத்தோடு போட்ட அறிக்கை அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. கேபிள் பையனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அன்றைக்கு அவனுக்கு இருமல்கூட வந்திருக்காது. இந்த நார் கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. மிக மெல்லிய துகள் பல மணி நேரம் காற்றில் மிதக்கும். நுரையீரலின் அடி ஆழம் வரை போனால் உடம்பால் அதைக் கரைக்க முடியாது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் தலைகாட்டுவதற்கு 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். புகை பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறும். ஆஸ்பெஸ்டாஸில் வெள்ளை, நீலம், பழுப்பு என்று ரகங்கள் உண்டு. 'வெள்ளை ரகம் பரவாயில்லை' என்று இன்றும் சிலர் சொல்வார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா ரகத்தையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் 1985-இல் தடை செய்தது. வெள்ளைக்குத் தடை வர 1999 ஆயிற்று. அதனால் கட்டடம் எந்த ஆண்டு எழுந்தது, உங்கள் நாட்டில் தடை எப்போது வந்தது, வந்ததா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் என்றால் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பார்வையால் யாரும் உறுதி சொல்ல முடியாது, நான் உட்பட. பயிற்சி பெற்ற ஒருவர் சிறு துண்டை மாதிரியாக எடுத்து, ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

இருப்பது தெரிந்ததும் 'எல்லாவற்றையும் பிய்த்து எறியுங்கள்' என்பார்கள். நான் பெரும்பாலும் வேண்டாம் என்பேன். நல்ல நிலையில், கை படாத இடத்தில் இருப்பதைப் பூச்சுப் பூசி மூடிவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, ஆண்டுக்கு ஒரு முறையாவது போய்ப் பார்ப்பது போதும். அவசரமாகப் பிய்க்கும்போதுதான் நார் அதிகம் பறக்கும். உதிர்கிறது, அல்லது அந்த இடத்தை இடித்து மாற்றப் போகிறோம் என்றால் கதை வேறு. அப்போது உரிமம் பெற்ற ஆட்கள்தான் அகற்ற வேண்டும். அதற்கு முன் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் திறந்து பார்க்கும் தனி ஆய்வு தேவை. சாதாரண பராமரிப்புக்குச் செய்த ஆய்வைக் காட்டி இடிப்பு வேலையைத் தொடங்காதீர்கள்.

தவறிப்போய் உடைந்துவிட்டதா? வேலையை நிறுத்துங்கள், ஏசியை அணையுங்கள், கதவைச் சாத்தி ஆட்களை வெளியேற்றுங்கள். பெருக்கக் கூடாது. சாதாரண வாக்குவம் கிளீனர் இன்னும் மோசம். நாரை உறிஞ்சிப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். தூசி பட்ட உடுப்போடு வீட்டுக்குப் போகவும் கூடாது. துணி முகக்கவசம் கட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு: போதாது.

அப்புறம் அந்த அறிக்கை. குழாய் வெடித்து ராத்திரி பதினோரு மணிக்கு பிளம்பர் வந்து நிற்கும்போது, கட்டடத்தில் இருப்பவர் வாட்ச்மேன் மட்டும்தான். அதன் நகல் ஒன்றை அவர் மேசையில் வையுங்கள். சீலிங்கைத் திறக்க வருகிறவர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.