பயறுக்கு ஓமோன் அடிக்கப் போகிறீர்களா?

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காணியை வைத்துக்கொண்டு கொழும்பில் வேலை பார்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "சிறுபோகப் பயறு வாடுது. புறக்கோட்டையில ஒரு ஓமோன் போத்தல் வாங்கி பஸ்ஸில போட்டு விடட்டா?" வாடிய பிறகென்றால் வேண்டாம். அந்தக் காசுக்கு, பூக்கிற நேரத்தில் ஒருமுறை தண்ணீர் பாய்ச்ச வழி பாருங்கள்.

மண் காய்ந்தால் பயிர் தானாகவே அப்சிசிக் அமிலம் என்ற தன் ஓமோனைக் கூட்டிக்கொள்ளும். இலையிலுள்ள நுண்துளைகளான இலைவாய்கள் மூடும், நீரிழப்பு குறையும். ஆனால் காபனீரொட்சைட்டும் உள்ளே போகாதே! ஒளித்தொகுப்பு படுத்துவிடும். ஆகவே அதையே மேலும் ஊற்றுவது எப்போதும் உதவியாகாது. பயறு, கௌபி, உளுந்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும் வேர்ச்சிறுகணுக்கள் (வேரிலுள்ள சிறு முடிச்சுகள்) வரட்சியைத் தாங்காதவை. இலை வாடுவதற்கு முன்பே நைதரசன் பதித்தல் குறையத் தொடங்கலாம். அப்புறம் பூ கொட்டும்.

அந்தப் பூக்கொட்டலில்தான் தெளிப்புக்கு ஓரளவு வேலை இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயறு வகைகளுக்குச் சொல்வது, லீற்றருக்கு 40 மில்லிகிராம் நப்தலீன் அசற்றிக் அமிலமும் 100 மில்லிகிராம் சலிசிலிக் அமிலமும். பூக்க முன் ஒருமுறை, 15 நாள் கழித்து இன்னொருமுறை. 16 லீற்றர் தாங்கிக்கு சலிசிலிக் அமிலம் 1.6 கிராம்தான் வரும். சமையலறைத் தராசை நம்ப வேண்டாம். தண்ணீரில் அது மெதுவாகத்தான் கரையும், முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துக்கொள்ளுங்கள். நப்தலீன் அசற்றிக் அமிலம் போத்தலில் திரவமாக வரும். எத்தனை வீதம் என்று லேபலைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

"கொஞ்சம் கூடினால் என்ன?" என்பார்கள். நப்தலீன் அசற்றிக் அமிலம் ஓட்சின் என்ற வளர்ச்சி ஓமோன் வகை. வயலில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் எம்சிபிஏயும் ஓட்சினைப் போலத்தான் வேலை செய்கிறது. பயறும் அகன்ற இலைப் பயிர்தான்! அளவு கூடினால் இலை சுருண்டு தண்டு முறுக்கும். நெல்லுக்குக் களைநாசினி அடித்த தாங்கியைச் சும்மா அலசிவிட்டுப் பயறுக்குப் பாவிப்பதும் அதே கதைதான். எனக்கு வரும் "ஓமோன் பயிரைக் கெடுத்துவிட்டது" என்ற படங்களில் நான் முதலில் சந்தேகிப்பது தாங்கியைத்தான்.

வெள்ளவத்தை மொட்டைமாடியில் சாடியில் பயற்றங்கொடி வளர்ப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. பெரிய சாடி, மேலே கொஞ்சம் சருகு, காலையில் தண்ணீர். போதும்.

காணியில் அடிப்பதென்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுவிட்டு, வெயில் தணிந்த பின் அடியுங்கள். இரண்டு வரிசையை அடிக்காமல் விட்டு, அறுவடையில் தனியாக நிறுத்துப் பாருங்கள். அடுத்த போகத்துக்குப் போத்தல் வாங்குவதா இல்லையா என்பதை அந்த நிறையை வைத்து முடிவுசெய்யலாம்.