செம்பச்சைக் கிளிமீன்

ஆங்கிலத்தில் ‘ராஸ்’ என்றொரு மீன் குடும்பம் இருக்கிறது. இதற்குத் தமிழில் என்ன என்று பார்த்தால், ‘ஒருவகைக் கடல்மீன்’ என்று சொல்லிக் கைகழுவிவிடுகிற அகராதிகள்தான் அதிகம். சிலர் எழுத்தைப் பார்த்து ‘வ்ராஸ்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் முதலில் வரும் அந்த ‘வ்’ ஊமை எழுத்து. உச்சரிப்பு வெறும் ராஸ்தான்.

இந்தச் சொல்லின் ஊர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால். அங்கே பேசிய கார்னிஷ் மொழியில் ‘குராக்’ என்பதுபோல் ஒலிக்கும் சொல்லுக்குக் கிழவி, சூனியக்காரி என்று பொருள். வேல்ஷ் மொழியிலும் இதற்கு உடன்பிறப்பான சொல் உண்டு. நம் புணர்ச்சி விதிபோல அங்கேயும் முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதல் எழுத்து குழையும், சிலசமயம் உதிரும். அப்படி ‘க்’ உதிர்ந்து நின்ற வடிவத்தைத்தான் ஆங்கிலம் வாங்கிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களும் இந்த மீனைக் ‘கிழவி’ என்றே சொல்கிறார்கள். ஏன் கிழவி? வாயைப் பாருங்கள். தடித்துப் பிதுங்கிய உதடு, அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முன்பற்கள். ஜெர்மானியர் நேராக ‘உதட்டு மீன்’ என்றார்கள். குடும்பத்தின் அறிவியல் பெயரான லாப்ரிடேயிலும் லத்தீன் உதடுதான் இருக்கிறது.

சரி, உதட்டோடு விட்டார்களா? இந்தக் குடும்பத்தின் பெரிய பேரினங்களில் ஒன்று ஹாலிகோரஸ். கிரேக்கத்தில் ‘ஹால்ஸ்’ என்றால் உப்பு, கடல். ‘கோய்ரோஸ்’ என்றால் பன்றி. பவளப்பாறையில் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் திரிகிற மீனுக்குக் கடற்பன்றி என்று பெயர்! இதை அப்படியே தமிழாக்கவும் முடியாது. ஓங்கில் (டால்பின்) இனத்துக்கு நெருங்கிய ஒரு பிராணிக்கு அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

இப்படி வசவாகவே வந்த பெயர் வரிசையில், வண்ணத்தைக் கவனித்து வைத்த பெயர் ஒன்று: ஹாலிகோரஸ் ரூப்ரோவைரன்ஸ். பிரேசில் கரையிலிருந்து 1,160 கி.மீ. தள்ளி, அட்லாண்டிக்கில் இருக்கும் திரிந்தாதே, மார்த்தின் வாஸ் தீவுக்கூட்டத்தைச் சுற்றிய கடலுக்கே உரிய மீன் இது. லூயிஸ் ரோச்சா, ஹட்சன் பின்யேரோ, ஜோவாவ் லூயிஸ் காஸ்பரினி என்ற மூவர் 2010இல் இதைப் புதிய இனமாக விவரித்தார்கள்.

தீவின் பெயரிலும் ஒரு குழி இருக்கிறது. திரிந்தாதே என்றால் போர்த்துக்கீசில் ‘மும்மை’, அதாவது கிறித்தவத் திரித்துவம். ஸ்பானிய மொழியில் இதே சொல்தான் திரினிதாத். அவசரத்தில் மாற்றி எழுதினால் மீன் கரீபியனுக்குப் போய்விடும். பிரேசில்காரர்கள் வாயில் அது ‘திரிந்தாஜி’ என்றே வரும். எழுத்தை ஒட்டி எழுதினால் திரிந்தாதே. எனக்கு ஒவ்வொரு முறையும் ‘திரியாதே’ என்று காதில் விழுகிறது. மீனும் திரியவில்லை, பேசாமல் அங்கேயே இருக்கிறது. அங்கே குடியிருக்கும் மனிதர்கள் என்றால் பிரேசில் கடற்படை ஆட்களும் வந்துபோகும் ஆய்வாளர்களும்தான்.

‘ரூப்ரோ’ சிவப்பு, ‘வைரன்ஸ்’ பச்சை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே உடம்பில் இருப்பதைச் சொல்லவில்லை. இந்த மீன் வாழ்க்கையின் முதற்கட்டத்தில் சிவப்பு. முற்றிய ஆணோ பச்சை, முதுகில் கருஊதாத் திட்டு, வாலில் வளைந்து நெளியும் கோடுகள். ராஸ் குடும்பத்தில் பெண்ணாக இருந்து ஆணாக மாறுவது சகஜம். மாறும்போது உடையும் மாறும். முன்பெல்லாம் இப்படி ஒரே மீனின் இரண்டு கட்டங்களை இரண்டு இனங்களாக எண்ணித் தனித்தனிப் பெயர் வைத்த கதைகள் ஏராளம். இங்கே அந்தக் குழப்பத்தையே பெயராக்கிவிட்டார்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். மன்னார் வளைகுடாப் பக்கம் ‘கிளிமீன்’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. அலகுபோன்ற வாயுள்ள மீன்களைத்தான் முதலில் குறிக்கும், ராஸ் வகைகளுக்கும் நீளும். இரண்டையும் ஒன்றாகச் சொல்வது தவறோ என்று முன்பு தயங்கியிருக்கிறேன். மரபணு ஆய்வுகளோ அலகுவாய் மீன்களை ராஸ் குடும்பத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டன. தயக்கம் போயிற்று. ஒரே எச்சரிக்கை: கேரளச் சந்தையில் கிளிமீன் கேட்டால், நம் ஊரில் சங்கரா என்று விற்கும் இளஞ்சிவப்பு மீனை நிறுத்துத் தருவார்கள்.

ஆகவே என் பரிந்துரை ‘செம்பச்சைக் கிளிமீன்’. சிவப்பு கலந்த பச்சை என்று யாராவது புரிந்துகொள்ளக்கூடும்தான். லத்தீன் பெயருக்கும் அதே குறை உண்டு. ‘திரிந்தாதே கிளிமீன்’ என்றால் இடம் தெரியும், நிறம் தெரியாது. பச்சை உடம்பும் சிவந்த மூக்குமாக நமக்குப் பழகிய கிளி ஏற்கெனவே அந்த இரண்டு நிறத்தையும் வைத்திருக்கும்போது, அதை விடுவானேன்?