ஹாஷ்: கோடரியில் பிறந்த சொல்

மென்பொருள்களை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து பதிவிறக்குகிறவர்கள், பொத்தானுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு நீளமான சரத்தைப் பார்த்திருக்கலாம். எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக 64 குறிகள். பக்கத்தில் ‘ஷா-256’ என்றொரு பெயர். பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்வதில்லை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுத்த அந்தச் சரத்துக்குப் பெயர்தான் ஹாஷ். கணக்கிடும் முறையின் பெயர் ஷா-256. கணினியில் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு நிரல் கோப்பு கிடக்கும்போது, அதைத் திறக்காமலேயே விசாரிக்க உதவுவது இதுவே.

பிரெஞ்சு மொழியில் கோடரிக்கு ‘ஆஷ்’ என்று பெயர். எழுதும்போது முன்னால் ஹகரம் உண்டு, ஒலிக்கும்போது இல்லை. அதிலிருந்து வந்த வினைச்சொல் பொடிப்பொடியாக வெட்டுவதைக் குறிக்கும். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் ஹாஷ் என்று நுழைந்தபோது அது சமையலறைச் சொல். இறைச்சியைக் கொத்துவதும் கொத்திச் சமைத்த உணவும் அந்தப் பெயரைப் பெற்றன. (போதைப்பொருளுக்குச் சொல்லும் ஹாஷ் வேறு. அது அரபியின் ‘ஹஷீஷ்’ குறுகியது.)

கணினிக்குள் இந்தக் கருத்தைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன். பெரிய பட்டியலில் ஒரு பதிவை விரைவாகத் தேட, அதன் குறிப்பெண்ணைக் கணக்கிட்டுச் சிறிய எண்ணாக்கி, அந்த எண் காட்டும் அறையில் பதிவைப் போட்டுவைக்கலாம் என்று 1953இல் ஓர் உள்சுற்றுக் குறிப்பில் எழுதினார். வங்கி அட்டையின் கடைசி இலக்கத்தைச் சரிபார்க்கும் முறையும் இவர் பெயரில்தான் வழங்குகிறது. ஹாஷ் என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவர்கள் பசியோடு இருந்திருக்க வேண்டும்.

பெயர் பொருத்தமானதுதான். கொத்து பரோட்டாவிலிருந்து பழைய பரோட்டாவை மீட்க முடியாதது போல, ஹாஷிலிருந்து மூலக் கோப்பை மீட்க முடியாது. கோப்பு 10 கிலோபைட்டோ 10 ஜிகாபைட்டோ, ஷா-256 தருவது 256 பிட்டுகள் மட்டுமே. எழுத்தில் அதே 64 குறிகள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் சரம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஆனால் கோப்பின் பெயரை மாற்றினால் சரம் மாறாது, ஏனென்றால் பெயர் கணக்கிலேயே சேர்வதில்லை. விண்டோஸின் சொந்த நிரலான ‘எஸ்விசிஹோஸ்ட்’ பெயரைச் சூட்டிக்கொண்டு வேறு ஏதோ ஓர் அடைவில் ஒளிந்திருக்கும் தீநிரலின் வேடம் இங்கே பலிக்காது.

தமிழில் என்ன சொல்வது? வேரைப் பிடித்துப் போனால் ‘கொத்து’ கைக்கு எட்டும். ஆனால் பூங்கொத்தும் சாவிக்கொத்தும் நினைவுக்கு வரும் மொழியில் ‘கோப்பின் கொத்து’ என்றால் பல கோப்புகளின் தொகுதி என்றே கேட்கும். ‘சுருக்கம்’ அதைவிட மோசம். ஜிப் கோப்பும் சுருக்கம்தான், ஆனால் அதை விரித்துவிடலாம். ‘சரிபார்ப்புக் கூட்டல்’ என்பது செக்சம் என்ற பழைய முறைக்குச் சரியான பெயர். தகவல் அனுப்பும் வழியில் தற்செயலாக நேரும் பிழையைப் பிடிக்க வந்தது அது, வேண்டுமென்றே ஏமாற்றுகிறவனைப் பிடிக்க அல்ல. என் தேர்வு ‘கோப்பு ரேகை’. பத்திரப் பதிவில் பெருவிரலை உருட்டியவர்களுக்கு ரேகை எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெயருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ரேகை ஆள் யார் என்பதைச் சொல்லும், ஆள் நல்லவரா என்பதைச் சொல்லாது. ஹாஷும் அப்படியே. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்கச் சுட்டியைப் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைத்த போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். குழுவினர் அசல் கோப்புகளின் ரேகைகளை வெளியிட்டு ஒப்பிடச் சொன்னார்கள். அந்தப் போலியை இது காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த ஆண்டு நடந்ததோ வேறு கதை. கணினியில் சேரும் வேண்டாத கோப்புகளைத் துடைக்கும் சிகிளீனர் மென்பொருளின் 2017 ஆகஸ்டில் வெளியான 5.33 பதிப்பில், உருவாக்கும் இடத்திலேயே தீநிரல் நுழைந்திருந்தது. கோப்பு நிறுவனத்தின் தளத்திலேயே இருந்தது, வெளியிட்டவர் இன்னார் என்று காட்டும் செல்லத்தக்க மின்கையொப்பமும் அதில் இருந்தது. ஏறக்குறைய 22.7 லட்சம் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அசலே கெட்டிருக்கும்போது அசலோடு ஒப்பிட்டு என்ன பயன்?

ஆகவே ஊர்பேர் தெரியாத கோப்புக்கு, ரேகையை எடுத்துக்கொண்டு வேறிடத்தில் விசாரிப்பதுதான் முறை. விண்டோஸில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுத்தால் ஷா-256 சரம் கிடைக்கும். அதை வைரஸ்டோட்டல் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டலாம். 2004இல் ஸ்பெயினில் தொடங்கி 2012இல் கூகுள் கைக்குப் போன சேவை இது. பல நிறுவனங்களின் நச்சுநிரல் தடுப்பான்கள் அந்தக் கோப்பைப் பற்றிச் சொன்னதை ஒரே பக்கத்தில் காட்டும். கோப்பையே பதிவேற்றுவதைவிட ரேகையைத் தேடுவது நல்லது. பதிவேற்றிய கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும்; உள்ளே வாடிக்கையாளர் விவரம் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

‘பொருத்தம் இல்லை’ என்று தளம் சொன்னால் கோப்பு தூயது என்று பொருளல்ல. அதுவரை யாரும் அதை அங்கே கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். புகழ்பெற்ற மென்பொருள் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கோப்பை அந்தத் தளம் கண்டதே இல்லை என்றால் அதுவே சந்தேகத்துக்குப் போதுமான காரணம்.

பழைய தளங்களில் எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையின் 32 குறிச் சரம் இன்னும் கிடக்கிறது. ஒரே எம்டி5 சரம் வரும்படி இரண்டு வெவ்வேறு கோப்புகளை உருவாக்கலாம் என்பது 2004இலேயே நிரூபணமாயிற்று. 2012இல் வெளிப்பட்ட ‘ஃபிளேம்’ உளவு நிரல் அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தியே மைக்ரோசாஃப்டின் கையொப்பம் போன்ற ஒன்றைப் போலியாகச் செய்துகொண்டது. பக்கத்தில் இரண்டும் இருந்தால் ஷா-256ஐயே ஒப்பிடுங்கள், முதல் நான்கு குறிகளோடு நிறுத்திவிடாமல் 64ஐயும்.