டவுன் டு, டவுன் பை, ஆஸ் லோ ஆஸ்: நம்பருக்கு முன்னாடி வர்ற வார்த்தைய கவனிங்க

வேலைக்குப் போறவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்குறேன். மத்த கிராமர் தப்பெல்லாம் மெதுவா சரியாகட்டும்னு விட்ருவேன், ஆனா ஒரு அளவு எதுவரைக்கும் குறையும்னு சொல்ற இடத்துல மட்டும் விடமாட்டேன், ஏன்னா அங்க வாக்கியம் பார்க்க சரியாத்தான் இருக்கும், கணக்கு மட்டும் மாறிப்போயிருக்கும், படிக்கிறவங்களுக்கு சந்தேகமே வராது.

ரொம்ப அடிபடுறது டு, பை. ஸ்டாக் 100 இருந்துச்சுன்னு வைங்க. டவுன் பை 20ன்னா 20 போயி 80 மிச்சம். டவுன் டு 20ன்னா 80 போயிருச்சு, 20தான் கையில. நம்ம பேச்சுல "20 குறைஞ்சுது", "20க்கு குறைஞ்சுது"ன்னு அந்த க்கு பண்ற வேலைதான் அங்க டு பண்ணுது. மெயில்ல எழுதும்போது ஃப்ரம் 100 டு 80ன்னு ரெண்டு நம்பரையும் போட்ருங்க, குழப்பமே வராது.

ஆஸ் லோ ஆஸ் பணத்துலயே கை வைக்கும். லோன் விளம்பரத்துல வட்டி ஆஸ் லோ ஆஸ் 8 பர்சன்ட்னு இருந்தா எல்லாருக்கும் 8 கிடைக்கும்னு அர்த்தம் இல்ல, அவங்க குடுக்குறதுலயே குறைஞ்சது 8, அவ்ளோதான். உங்களுக்கு 12 போட்டாலும் அந்த விளம்பரம் பொய் ஆகாது. அதனால எனக்கு எவ்ளோன்னு கேட்டு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க, தயவுசெஞ்சு.

மெஷின் மேனுவல்ல எவ்ளோ குளிர் வரைக்கும் ஓடும்னு சொல்ற இடத்துல டவுன் டு மைனஸ் 10 டிகிரின்னா மைனஸ் 10லயும் ஓடும், அதுக்கும் கீழ கேரண்டி இல்ல. அபவ் மைனஸ் 10ன்னு எழுதிட்டா மைனஸ் 10 கணக்குல வராது.

பெரும்பாலான தடுப்பூசிய 2 டு 8 டிகிரில வைக்கணும்னு போட்டிருப்பாங்க. நிறைய பேர் 8ஐ மட்டும் பாத்துட்டு எவ்ளோ சில்லுன்னு இருந்தாலும் நல்லதுதானேன்னு நினைக்கிறாங்க, அது ரொம்ப தப்பு, ஹெப்படைட்டிஸ் பி, டெட்டனஸ் மாதிரி ஊசியெல்லாம் உறைஞ்சா வீணாயிடும். அங்க கீழ் எல்லையும் மேல் எல்லை அளவுக்கே முக்கியம்.

இன்னொண்ணு, டவுன் டுன்னு பாத்ததும் குறைஞ்சுதுன்னே முடிவு பண்ணாதீங்க. டவுன் டு த லாஸ்ட் ஸ்க்ரூன்னா கடைசி ஸ்க்ரூ வரைக்கும் ஒண்ணுவிடாம எல்லாம். இட்ஸ் டவுன் டு யூன்னு மேனேஜர் அனுப்பினா பொறுப்பு உங்களோடதுன்னு சொல்றார், சில சமயம் காரணமே நீங்கதான்னும் இருக்கும், எதுன்னு முன்னாடி வந்த மெயில படிச்சாத்தான் தெரியும்.