கடற்கரைக் குப்பையை ஓடையில் தேடுங்கள்

தென்கிழக்கு ஸ்பெயினில், மத்தியதரைக் கடலை ஒட்டிய அல்மெரியா கடற்கரையில் குப்பை எண்ணுவது என் வேலை. எண்ணுவது என்றால் உண்மையிலேயே ஒவ்வொன்றாக எண்ணுவதுதான். 100 மீட்டர் நீளத்தை அளந்துகொண்டு, தண்ணீர் ஓரத்திலிருந்து மணல்மேட்டின் அடிவரை குறுக்கும் நெடுக்குமாக நடப்போம். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் எதுவும் பட்டியலில் ஏறும். சிகரெட் துண்டுகளுக்குத் தனி வரிசையே உண்டு. ஆண்டுக்கு நான்கு முறை, பருவத்துக்கு ஒன்றாக, அதே 100 மீட்டர். அதற்குள் 20 பொருளுக்கு மேல் கிடந்தால் அந்தக் கடற்கரை நல்ல நிலையில் இல்லை என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் வகுத்த அளவு. 20 என்பது எவ்வளவு சின்ன எண் என்று குனிந்து எண்ணும்போதுதான் தெரியும். ஒரு குடும்பம் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோன இடத்திலேயே சில நாள் அது நிரம்பிவிடும்.

ஆனால் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. அவர்களைத்தான் எல்லாப் பலகைகளும் திட்டுகின்றன. பட்டியலை வருடக்கணக்காக நிரப்பிய பிறகு எனக்குப் பிடிபட்டது வேறு. நாங்கள் எண்ணும் குப்பையில் பெரும்பங்கு கடற்கரையில் யாரும் போட்டதே இல்லை.

ஒரு ஜூலை மாதம் கடலிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே, ஒரு பாலத்தின் அடியில் மூன்று பெயின்ட் வாளிகளைப் பார்த்தேன். யாரோ வீட்டைப் புதுப்பித்துவிட்டு மிச்சத்தை அங்கே கொட்டியிருந்தார்கள். உடைந்த டைல்ஸ், ஒரு கழுவுதொட்டி, சுவரிலிருந்து பிய்த்த தெர்மாகோல், சிமென்ட் சாக்குகள், அவற்றோடு இந்த வாளிகள். உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த பெயின்ட் ஒரு மாதிரியான பிஸ்தா பச்சை. மறக்க முடியாத நிறம். அக்டோபரில் இரண்டு நாள் மழை பெய்தது. அடுத்த வாரம் எங்கள் 100 மீட்டரில் நடக்கும்போது அதே பிஸ்தா பச்சையோடு ஒரு வாளி மணலில் பாதி புதைந்து கிடந்தது. சுற்றிலும் தெர்மாகோல் மணிகள். அன்றைக்கு எண்ணி முடிக்க இருட்டிவிட்டது.

அந்தப் பாலத்தின் அடியில் இருப்பது ஆறுதான், ஆனால் தண்ணீர் இல்லாத ஆறு. ஸ்பானியர்கள் ராம்ப்ளா என்பார்கள். மணலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். சிசிலியிலும் கலாப்ரியாவிலும் ஃபியுமாரா, லெபனானில் வாதி. நம் ஊர்க் காட்டாறு போலத்தான். அல்மெரியாவில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே 200 மில்லிமீட்டர் அளவுதான், அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற நாளெல்லாம் ராம்ப்ளா வறண்ட மணல்பாதை. வண்டி நிறுத்துவார்கள், நாயை நடத்திக்கொண்டு போவார்கள், ஆடு மேய்ப்பார்கள். ஊருக்குப் பின்பக்கம், யார் கண்ணிலும் படாத பள்ளம் என்பதால் லாரியைப் பின்னுக்கு எடுத்துக் கொட்டிவிட்டுப் போவதும் அங்கேதான். கொட்டுகிறவர் அதை நிலம் என்று நினைத்துக் கொட்டுகிறார். இலையுதிர்கால மழை வரும்போதுதான் அது ஆறு என்பது வெளிப்படும்.

2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவில் போயோ ராம்ப்ளா வெள்ளமாகப் பெருகி என்ன செய்தது என்பதை உலகமே பார்த்தது. அந்த மாகாணத்தில் 200-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவ்வளவு பெரிய துயரத்தைக் குப்பைக் கணக்கோடு சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: வழியில் கிடந்தவற்றில் ஏராளமானவை அந்த ராம்ப்ளா போய்ச் சேரும் அல்புஃபேரா காயலில் வந்து தேங்கின. வறண்ட ஓடையில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்காது.

இதே கதை கிரீட் தீவில் முன்பே நடந்திருக்கிறது. கானியா நகருக்குப் பக்கத்தில் கூருபிடோஸ் என்ற ஓடை, கடலில் சேரும் இடத்திலேயே வருடக்கணக்கில் குப்பைக் கிடங்காக இருந்தது. கிரேக்க அரசு அதை மூடவில்லை. 2000 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் நாளொன்றுக்கு 20,000 யூரோ அபராதம் விதித்தது. தீர்ப்பை மதிக்காத ஒரு நாட்டுக்கு அந்த நீதிமன்றம் விதித்த முதல் அபராதமே அதுதான். ஐரோப்பா முதன்முதலில் காசு கட்டச் சொன்னது ஓர் ஓடைக் குப்பைக்கு என்பதை என்னோடு வேலைக்குச் சேரும் இளைஞர்களிடம் தவறாமல் சொல்வேன்.

சரி, யார் கொட்டுகிறார்கள், ஏன்? எனக்குப் பழக்கமான ஒரு கொத்தனாரிடம் நேராகவே கேட்டேன். நல்ல மனிதர், தன் வீட்டு வாசலில் ஒரு காகிதம் கிடக்க விடமாட்டார். அவர் சொன்னது: "இங்கே புந்தோ லிம்பியோ (குப்பையை ஒப்படைக்கும் ஊர் மையம்) இருக்கிறது, தெரியும். ஆனால் அது வீட்டுக்காரர்கள் கொஞ்சமாகக் கொண்டுவரும் குப்பைக்குத்தான். எங்களைப் போன்றவர்கள் இடிபாட்டை அதற்கென்று உள்ள கிடங்கில் காசு கட்டிப் போட வேண்டும். அங்கே எந்த வேலை, யாருடைய வீடு என்று கேட்பார்கள். இந்த வேலைக்கே பில் இல்லையே, நான் எந்தப் பெயரைச் சொல்வது?"

பில் இல்லாத வேலையின் குப்பைக்கும் பில் இல்லை. வரி மிச்சம் என்று கையில் காசு கொடுத்துக் குளியலறையைப் புதுப்பிக்கும்போது, பழைய கழுவுதொட்டி எங்கே போகும் என்பதும் அந்தப் பேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இந்தக் கணக்கு பெரிதாக வளர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இத்தாலியின் கம்பானியா சாட்சி. நேப்பிள்ஸுக்கும் கசேர்த்தாவுக்கும் இடைப்பட்ட அந்த வயல்நாட்டை 'நெருப்புகளின் நிலம்' என்று சொல்கிறார்கள். கணக்கில் காட்டாத தோல் பட்டறைகளும் துணிப் பட்டறைகளும் தங்கள் கழிவையும் கணக்கில் காட்ட முடியாமல் சாலையோரம் போட்டு எரிக்கின்றன. அதற்கும் மேலாக, பல பத்தாண்டுகளாக மாஃபியா கும்பல்கள் வடக்கிலிருந்து வந்த ஆலைக் கழிவை அங்கே புதைத்திருக்கின்றன. 90 ஊர்கள், சுமார் 29 லட்சம் மக்கள். 2025 ஜனவரி 30 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இத்தாலிய அரசு அங்கே மக்களின் உயிர்வாழும் உரிமையைக் காக்கத் தவறியது என்று தீர்ப்பளித்து, சரிசெய்ய இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. குப்பை வழக்கில் உயிர்வாழும் உரிமை! அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் பக்கத்துக்குத் திரும்புகிறேன். அல்மெரியாவுக்கு மட்டும் உரிய ஒரு குப்பை உண்டு. எல் எகிதோவைச் சுற்றி 30,000 ஹெக்டேருக்கும் மேல் பசுமைக்குடில்கள். ஐரோப்பா குளிர்காலத்தில் சாப்பிடும் தக்காளியும் குடமிளகாயும் இங்கிருந்து போகின்றன. குடிலின் கூரைத்தாள் தடிமனானது, மறுசுழற்சிக்காரர்கள் காசு கொடுத்து எடுப்பார்கள், அதனால் பெரும்பாலும் பத்திரமாகப் போய்விடும். சிக்கல் மெல்லிய தாள்களில். மண்ணும் வேரும் ஒட்டிய நிலப்போர்வைத் தாளை யாரும் வாங்குவதில்லை. தக்காளிக் கொடியை ஏற்றிக் கட்டும் பிளாஸ்டிக் சரடு இன்னும் மோசம். அறுவடை முடிந்ததும் கொடியோடு பின்னிக்கொண்டு வரும், பிரிக்கவே முடியாது. அந்த ஒரு சரடால் அருமையான தழைக்கழிவு எருவாகாமல் குப்பையாகிறது. மக்கும் சரடு கிடைக்கிறது, விலை கூடுதல். விதைக்கு மானியம் கேட்கும் விவசாயச் சங்கங்கள் இந்தச் சரடுக்கு மானியம் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

2012 மார்ச்சில் பக்கத்து மாகாணமான கிரனாதாவில், காஸ்தெல் தே ஃபெர்ரோ அருகே ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் இறந்து கரை ஒதுங்கியது. வயிற்றுக்குள் 59 பிளாஸ்டிக் பொருள்கள், ஏறக்குறைய 18 கிலோ. அதில் பெரும்பகுதி பசுமைக்குடில் தாள். நீர்க்குழாய்த் துண்டுகளும் பூந்தொட்டிகளும்கூட இருந்தன. ஆழ்கடலில் கணவாய் தேடும் விலங்கின் வயிற்றில் பூந்தொட்டி. அது எந்த வழியாகப் போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்த ஓடைகள் ஒவ்வொன்றையும் மனதுக்குள் நடந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பாதை நம் வீட்டுக் கழிவறை. காது குடையும் பட்ஸ் குச்சியும் வெட் வைப்ஸும் கடலுக்கு நடந்து போவதில்லை. யாரோ தண்ணீர் ஊற்றி அனுப்புகிறார்கள். பெருமழையில் சாக்கடை நிரம்பும்போது சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி அப்படியே கடலுக்குள் விழுகின்றன. 2018 பிப்ரவரியில் இத்தாலியின் பேஸ்தும் அருகே ஒரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து சின்னச் சின்னப் பிளாஸ்டிக் வில்லைகள் கோடிக்கணக்கில் வெளியேறின. கழிவுநீரில் நுண்ணுயிர் ஒட்டி வளர்வதற்காகப் போடுபவை அவை. முதலில் இத்தாலியக் கரையில் ஒதுங்கின, அப்புறம் பிரான்சு, ஸ்பெயின், துனிசியா. கடற்கரையில் நடக்கப் போனவர்கள் படம் எடுத்து அனுப்பிய இடங்களையும் தேதிகளையும் கோத்துத்தான் எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடித்தார்கள். ஜிப்ரால்டரில் வெறும் 14 கிலோமீட்டர் வாசல் உள்ள கடல் இது. ஒருவர் முற்றத்தில் விழுந்தது எல்லார் முற்றத்துக்கும் வரும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, குப்பையே இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிர்காலம் முடிந்து போனால் சில கடற்கரைகளில் பழுப்பு நிறத்தில் இலைக்குவியல் இடுப்பளவு கிடக்கும். பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலைகள். பயணிகள் முகம் சுளிக்கிறார்கள், விடுதிக்காரர்கள் புகார் செய்கிறார்கள், நகராட்சி இயந்திரத்தை அனுப்பி வாரிவிடுகிறது. ஒருமுறை நாங்கள் எண்ண வேண்டிய நாளுக்கு முந்தின மாலை ஒரு நகராட்சியின் டிராக்டர் வந்து எங்கள் 100 மீட்டரைச் சீவிவிட்டுப் போயிருந்தது. இலைகளோடு மணலும் லாரி லாரியாகப் போயிற்று. சிகரெட் துண்டுகள் மட்டும் சல்லடையில் நழுவி அங்கேயே கிடந்தன. அந்த இலைக்குவியல்தான் குளிர்கால அலையிலிருந்து கரையைத் தாங்கும் மெத்தை. வாரி எடுத்த கடற்கரை ஆண்டுக்கு ஆண்டு குறுகும்; பிறகு வேறு இடத்திலிருந்து மணல் வாங்கிக் கொட்டுவார்கள்.

அந்தப் புல் நம் குப்பையையும் பொறுக்குகிறது. அதன் நார்கள் கடலடியில் உருண்டு உருண்டு பந்தாகிக் கரைக்கு வரும். குழந்தைகள் அவற்றை எறிந்து விளையாடுவார்கள். பார்சிலோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மயோர்கா தீவுக் கரைகளில் இந்தப் பந்துகளைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே பிளாஸ்டிக் துணுக்குகள் சிக்கியிருந்தன. மத்தியதரைக் கடல் முழுவதும் ஆண்டுக்கு 86.7 கோடி துணுக்குகள் வரை இப்படிப் புல்லில் சிக்கலாம் என்று 2021-ல் கணித்தார்கள். யாரும் கேட்காமலே வேலை செய்யும் அந்தப் புல்வெளியின் மேல் இன்றும் படகுகள் நங்கூரம் இறக்குகின்றன.

மாற முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2021 ஜூலையில் ஒற்றைப் பயன்பாட்டுத் தட்டு, ஸ்ட்ரா, பட்ஸ் குச்சி போன்றவற்றை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. ஒன்றியத்தின் கரைகளில் குப்பை 2015-16-க்கும் 2020-21-க்கும் இடையில் 29 சதவீதம் குறைந்திருக்கிறது. இத்தாலியில் 2022 வரை, வலையில் சிக்கிய குப்பையைக் கரைக்குக் கொண்டுவரும் மீனவருக்குத்தான் தொல்லை; அந்தக் கழிவுக்கு அவரே பொறுப்பாகிவிடுவார். அதனால் பலர் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். அந்த ஆண்டு வந்த சட்டம், துறைமுகத்தில் செலவில்லாமல் ஒப்படைக்க வழி செய்தது. யோக்கியமாக நடப்பவருக்கு நஷ்டம் வராதபடி செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். என் கொத்தனார் நண்பருக்கும் அப்படி ஒரு வழி வேண்டும்.

பிரான்சிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கோடை விடுமுறைக்கு நம்மவர்கள் நிறையப் பேர் இந்தக் கரைகளுக்கு வருகிறீர்கள். விடுதிக் கழிவறையில் காகிதத்தைத் தவிர எதையும் போடாதீர்கள். குப்பைத்தொட்டி நிரம்பியிருந்தால் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகராதீர்கள். கடற்காற்று மாலைக்குள் அதைப் பிரித்துவிடும், காரில் எடுத்துப் போய் ஊருக்குள் போடுங்கள். பழுப்பு இலைகள் கிடக்கின்றன என்று விடுதியில் புகார் செய்யாதீர்கள். அங்கேயே வீடு வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள், இடிபாட்டைக் கிடங்கில் போட்ட ரசீதைக் காட்டினால்தான் கடைசித் தவணை என்று வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஓடையில் லாரி கொட்டுவதைப் பார்த்தால் நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம், இடத்தைக் குறித்துக்கொண்டு சொல்லுங்கள். ஸ்பெயினில் சிவில் காவல் படைக்குள் செப்ரோனா என்று இயற்கைப் பாதுகாப்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, 062-ல் அழைக்கலாம்.

நான் இப்போதெல்லாம் செப்டம்பரிலேயே ராம்ப்ளாவில் ஏறி நடக்கிறேன், மழைக்கு முன்னால். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, நகராட்சிக்கு அனுப்புவேன். சில குவியல்களை அள்ளிவிடுகிறார்கள், சிலவற்றை மழைதான் அள்ளுகிறது. போன முறை போனபோது பாலத்துக்குக் கீழே நாணலில் சிக்கிக்கொண்டு இரண்டாவது பச்சை வாளி இருந்தது. அதை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவதைத் தேடினேன், ஓடை வளைவு வரை எங்கும் இல்லை.