புரொபேட்: சான்றிதழும் அல்ல, தகுதிகாண் பருவமும் அல்ல

போன வாரம் சொத்து விவகாரம் பற்றிய ஒரு காணொளி பார்த்தேன். கீழே தமிழ் வரிகள் ஓடின. ‘அப்பா காலமானதும் வீடு தகுதிகாண் நீதிமன்றத்துக்குப் போகும்’ என்று ஒரு வரி. உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் ‘புரொபேட்’டைத்தான் இப்படித் தமிழாக்கியிருந்தார்கள். முதல் தடவை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது நான் பார்க்கும் நாலாவது தடவை. காலமானவரை இன்னும் பணி நிரந்தரம் செய்யவில்லை போலிருக்கிறது.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் ‘ப்ரொபாரே’ என்றால் சோதித்துப் பார்த்தல். சரியென்று காட்டுதலும் அதுவே. சோதிக்கிற கிளையில் வந்தது ப்ரொபேஷன். அரசு வேலையில் அதைத் தகுதிகாண் பருவம் என்கிறோம், நல்ல சொல். காட்டுகிற கிளையில் வந்தவை ப்ரூஃபும் புரொபேட்டும். அண்ணன் தம்பிதான், அதற்காக அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டினால் தொளதொளவென்றுதான் இருக்கும்.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி புரொபேட் என்பது உயிலின் நகல்தான். நீதிமன்றம் அதில் தன் முத்திரையை இட்டு, சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. உயிலில் நிறைவேற்றுநர், அதாவது உயிலில் சொன்னபடி செய்து முடிப்பவர், என்று யாரைக் குறித்திருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் கிடைக்கும். யாரையும் குறிக்கவில்லை என்றால் உயில் இணைத்த நிர்வாகப் பத்திரம், அது வேறு.

தகுதிகாண் விவகாரம் எந்திரம் செய்த பிழை, விட்டுவிடலாம். என் சண்டை புரொபேட்டுக்கு மனிதர்கள் யோசித்துப் போட்ட ‘உயில் சான்றிதழ்’ என்ற சொல்லோடு. படித்தவர்களே எழுதுகிறார்கள். கேட்டால், ‘எல்லாருக்கும் புரியும் சார்’ என்பார்கள். புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது.

என் பெரியப்பா மாம்பலத்து வீட்டைப் பெரியம்மா பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். உயிலைப் பதிவும் செய்திருந்தார். வீட்டைப் பெரியம்மா பெயருக்கு மாற்றப் போன இடத்தில் ‘உயில் சான்றிதழ் கொண்டு வாங்க’ என்று சொல்லி அனுப்பினார்கள். பெரியம்மா நேராகத் தாசில்தார் அலுவலகம் போய், அலைந்து திரிந்து, வாரிசுச் சான்றிதழ் வாங்கி வந்துவிட்டார். அதில் அவர் பெயரோடு பிள்ளைகள் மூன்று பேரின் பெயரும் இருந்தன. இது இல்லை என்றார்கள். அப்புறம் யாரோ சொன்னார்களென்று இறங்குரிமைச் சான்றிதழுக்கு ஆள் தேடினார். அதை நீதிமன்றம்தான் தரும், ஆனால் அது இறந்தவருக்கு வரவேண்டிய கடன், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு, வீட்டுக்கு உதவாது. ‘உயில்தான் ரிஜிஸ்டர் ஆயிருக்கே, அதுவே சான்றிதழ்தானே?’ என்று கடைசியில் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. உயிலைப் பதிவு செய்வது கட்டாயம்கூட இல்லை. பதிவு செய்தாலும் அது மெய்ப்பித்ததாகிவிடாது. ஏற்கனவே இரண்டு சான்றிதழ் இருக்கிற இடத்தில் மூன்றாவதாக ஒன்றுக்கு அதே பெயரை வைத்தால் ஏழு மாதம் போகும். எங்களுக்குப் போனது.

இன்னொரு கோளாறும் உண்டு. சான்றிதழ் என்றால் ‘இது உன்னுடையது’ என்று அரசாங்கம் சொல்லிவிட்டதாகத்தான் நம் காதில் விழும். புரொபேட் அப்படி எதையும் சொல்வதில்லை. இந்த உயிலை எழுதியவர் இவர்தான், தெளிந்த புத்தியோடு எழுதினார், இதுவே அவருடைய கடைசி உயில் என்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்த வீடு உண்மையில் அவருக்குச் சொந்தமா, தம்பிக்கும் அதில் பங்கு உண்டா என்பதையெல்லாம் அந்த நீதிமன்றம் தொடவே தொடாது. அதற்குத் தனி வழக்கு. புரொபேட் கையில் வந்ததும் சண்டை தீர்ந்தது என்று இனிப்பு வாங்கிக் கொடுத்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். பாவம்.

மெய்ப்பிக்கிற வேலையும் சும்மா இல்லை. உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது வந்து, ‘அவர் கையெழுத்திட்டதை நான் பார்த்தேன்’ என்று சொல்ல வேண்டும். யாராவது கேவியட், அதாவது ‘என்னைக் கேட்காமல் கொடுக்காதே’ என்ற மனு, போட்டு எதிர்த்தால், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓ.பி. (அசல் மனு) எண்ணில் இருந்த மனு டி.ஓ.எஸ். (உயில் பற்றிய அசல் வழக்கு) என்று வழக்காகவே மாறிவிடும். உயிலைச் சுற்றிச் சந்தேகம் இருந்தால் உயிலை முன்வைப்பவர்தான் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் 1958இலேயே சொல்லிவிட்டது.

ஆகவே ‘உயில் மெய்ப்பு’ என்கிறேன். நடைமுறைக்கு உயில் மெய்ப்பு, கைக்கு வரும் தாளுக்கு மெய்ப்பிதழ். நான் கண்டுபிடித்த சொல் இல்லை, சிலர் ஏற்கனவே எழுதுவதுதான். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறோம், கணக்கில் தேற்றத்தை மெய்ப்பிக்கிறோம். வேர் நமக்குப் பழக்கமானது. லத்தீன் வேரும் அதையேதான் சொல்கிறது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் ‘புரொபேட் போட்டாச்சா?’ என்று பேசுகிறவர்களை நான் திருத்தப் போவதில்லை. தெளிவான ஆங்கிலச் சொல் தப்பான தமிழ்ச் சொல்லைவிட மேல்.

உயிலே ‘வில்’ என்ற ஆங்கிலம்தானே, அதையும் மாற்று என்று தனித்தமிழ் அன்பர்கள் வருவார்கள். உயிர் இல்லாதபோது பேசுவதால் உயில் என்று ஒருவர் என்னிடம் வேர் காட்டியிருக்கிறார், ரசித்தேன், நம்பவில்லை. விருப்புறுதி நல்ல சொல்தான். மரணசாசனம் என்றும் ஒன்று உண்டு, அது தமிழும் இல்லை, காதுக்கும் கனம். உயில் ஊரோடு ஒட்டிவிட்டது. இருக்கட்டும்.

இந்துக்கள் சென்னையில் எழுதிய உயிலுக்கும், எங்கே எழுதினாலும் சென்னை மனையைப் பற்றிய உயிலுக்கும் புரொபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்று அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு வைத்திருந்தது. மதுரையில் எழுதிய, மதுரை மனைக்கான உயிலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. வெள்ளைக்காரன் வரைந்த எல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. உடனே ‘இனி உயில் சான்றிதழ் தேவையில்லை’ என்று செய்தி போட்டார்கள். எங்கள் தெருவில் ஒருவர் வாரிசுச் சான்றிதழையே ரத்து செய்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார். கட்டாயம்தான் போனது, எதிர்த்து வழக்கு வந்தால் உயிலை மெய்ப்பிக்கத்தான் வேண்டும்.

மற்ற சொற்களின் கதியும் இதுதான். எஸ்டேட் பிளானிங்கைத் ‘தோட்டத் திட்டமிடல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், வால்பாறையில் தேயிலை போடுவது மாதிரி. ‘சொத்தை எழுதி வைக்கிறது’ என்று நம் பாட்டிகள் காலமெல்லாம் சொன்னது அவர் காதில் விழவே இல்லையா?

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ‘நிறைவேற்றுதல்’. ஆங்கிலத்தில் பத்திரத்தை ‘எக்ஸிக்யூட்’ செய்வது என்றால் எழுதிக் கையெழுத்திடுவது. நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘நிறைவேற்றப்பட்டது’ என்று போடுகிறார்கள். பெரியப்பாவின் உயிலுக்குச் சாட்சி போட்ட இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார், எண்பது தாண்டியவர். அவர் படிக்க வசதியாக வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி எடுத்துப் போனோம். ‘மேற்படி உயில் நிறைவேற்றப்பட்டபோது நான் உடனிருந்தேன்’ என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

“அவன் போனப்புறம் நான் மெட்ராஸ் பக்கமே வரலியேப்பா. உயிலை எப்ப நிறைவேத்தினீங்க? இதுல எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

அந்த வரியை அடித்துவிட்டு ‘உயிலை எழுதிக் கையெழுத்திட்டபோது’ என்று மாற்றிய பிறகுதான் பேனாவை வாங்கினார்.