கிரைண்டரில் மர பிளேடு மாட்டாதீர்கள்: அடுத்த டூல் வாங்கும் முன் ஒரு வார்த்தை

மறுபடியும் அதே கேஸ். இரும்பு வெட்டவும் தேய்க்கவும் கையில் பிடிக்கிற நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர், டிஸ்கை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிப் போட்டாச்சு, டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் மரம் அறுக்கும் பல் பிளேடு. இடது கை ஆள்காட்டி விரலில் தையல். மெஷின் சர்வீசுக்கு வந்திருக்கிறது, கூடவே ஒரு கேள்வியும்: "இதைவிட நல்ல கம்பெனி பிளேடு எது அண்ணே?" நல்ல கம்பெனி பிளேடு என்று எதுவுமே கிடையாது. அந்த மெஷினில் அந்த மாதிரி பிளேடு மாட்டவே கூடாது. பவர் டூல் சர்வீஸ் பார்க்கிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு ஆஃபர் சீசன் முடிந்ததும் இதே மாதிரி மெஷின்கள் வரிசையாக வந்துகொண்டுதான் இருக்கின்றன.

டூல் வாங்கும் ஆசையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சின்ன வயதில் அப்பாவின் திருப்புளியை எடுத்து ரேடியோவைக் கழற்றியவர், பேரன் எடுத்த பிறகும் ஹார்டுவேர் கடையைக் கண்டால் உள்ளே ஒரு எட்டு போய்விட்டுத்தான் வருவார். அந்த ஆசை போகாது, போகவும் வேண்டாம். கையால் வேலை செய்யத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்க வேண்டும். பிரச்சினை ஆசையில் இல்லை, வாங்குகிற வரிசையில் இருக்கிறது. மெஷினை வாங்குகிறோம், அதற்கு அட்டாச்மென்ட் வாங்குகிறோம், அப்புறம் இன்னொரு அட்டாச்மென்ட். பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வைஸ் இல்லை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. சாணைக்கல்லும் இல்லை.

முதலில் கிரைண்டர் விஷயம். "துளை சரியாப் பொருந்துது, நட்டும் இறுகுது, அப்புறம் என்ன?" எல்லோரும் சொல்கிற பதில் இது. ரொம்ப நிதானமாகச் சொல்கிறேன்: பொருந்துவது வேறு, பொருத்தமானது வேறு. இன்னும் சொல்லப்போனால் அது பொருந்தவும் இல்லை. நாலு இஞ்ச் கிரைண்டர் டிஸ்கின் துளை 16 மி.மீ. நாலு இஞ்ச் மர பிளேடுகளில் பெரும்பாலானவை 20 மி.மீ. துளையோடு வருகின்றன. நடுவில் ஒரு மெல்லிய வளையத்தைச் செருகி மாட்டுகிறார்கள். அந்த வளையம் கால் மில்லி லூஸாக இருந்தாலும் பிளேடு நடு மையத்தில் உட்காராது. ஓடும்போது மெஷின் அதிர்வது அதனால்தான்.

வேகத்தைப் பாருங்கள். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். நொடிக்கு 183 சுற்று. 100 மி.மீ. விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் பிளேடின் விளிம்பு மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போகிறது. 40 பல் பிளேடு என்றால் நொடிக்கு 7,000-க்கும் அதிகமான பல் மரத்தில் கடிக்கிறது. மரம் அறுக்கவென்றே செய்த ஏழேகால் இஞ்ச் சர்குலர் சா (வட்ட ரம்பம்) 5,000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் ஓடும். அதில் மரத்தின் மேல் படிந்து உட்காரும் தட்டு இருக்கிறது, அறுத்து முடித்ததும் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கார்டு இருக்கிறது, விரலை எடுத்தால் அணைகிற டிரிக்கர் சுவிட்ச் இருக்கிறது. கிரைண்டரில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. நாம் அதிகம் வாங்கும் நாலு இஞ்ச் மாடல்களில் தள்ளி வைத்தால் அப்படியே நிற்கும் ஸ்லைடு சுவிட்ச்தான். மெஷின் கையை விட்டு எகிறினாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரும்பு வெட்டும் டிஸ்க் மணல் மணலாகத் தேய்த்துக்கொண்டு போகும். பல் பிளேடு அப்படியில்லை, கடித்து இழுக்கும். மரத்தில் ஒரு முடிச்சோ பழைய ஆணியோ குறுக்கே வந்தால், அல்லது வெட்டின பிளவு லேசாக மூடிக்கொண்டால், பல் மாட்டும். பிளேடு நிற்கும், மெஷின் உதைத்துச் சுற்றும். "மெதுவா, பாத்து பண்றேன்" என்பார்கள். கால் நொடியில் பிளேடு 45 சுற்று சுற்றிவிடும். பார்த்து என்ன செய்ய முடியும்? "அஞ்சு வருஷமா இப்படித்தான் அறுக்கிறேன், ஒண்ணும் ஆகல" என்பதும் ஒரு வாதம் இல்லை. தினமும் கார்பெண்டரி பார்க்கிற அனுபவசாலிகளின் கையும் இதில்தான் போகிறது.

ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒன்றைப் போட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறோம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. உதை குறையாது, கார்டும் முளைக்காது. மெஷினுக்குள் இருக்கும் குளிர்விக்கும் ஃபேனும் அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்று குறையும், ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் சுருள்) கருகும். கருகின ஆர்மேச்சரை வாரன்டியில் மாற்றித்தரச் சொல்லி வாதாடாதீர்கள். கிரைண்டரோடு வரும் கையேட்டை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பல் உள்ள ரம்ப பிளேடும், மரச்செதுக்கு செயின் பிளேடும் மாட்டக் கூடாது, அவை அடிக்கடி உதைக்கும், பிடி தவறும் என்று பாதுகாப்புக் குறிப்பிலேயே இருக்கும். கிரைண்டரைச் செயின் சா ஆக்கும் அட்டாச்மென்ட்டும் இதில் அடக்கம். உண்மையான செயின் சாவில் முன்பிடியைப் பிடிக்கும் கைக்கு முன்னால் தடுப்பும் செயின் பிரேக்கும் இருக்கின்றன. அந்த அட்டாச்மென்ட்டில் அவற்றில் எது இருக்கிறது?

இப்படி ஒரு பிளேடை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். முடியாவிட்டால் பழைய இரும்புக்குப் போடுங்கள். "நான் யூஸ் பண்ணல, நீ வெச்சுக்கோ" என்று மச்சானுக்குக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது டிஸ்க் அளவு. நாலு இஞ்ச் மெஷினில் அஞ்சு இஞ்ச் டிஸ்க் போட்டால் ஆழமாக வெட்டலாம் என்று கார்டைக் கழற்றுகிறார்கள். அதைவிட மோசம், ஏழு இஞ்ச் மெஷினில் ஓடித் தேய்ந்த டிஸ்கை எடுத்துச் சின்ன மெஷினில் மாட்டுவது. டிஸ்கின் மேலேயே அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும். நாலு இஞ்சுக்கு 15,200 சுற்றை ஒட்டி, அஞ்சுக்கு 12,200, ஏழுக்கு 8,500, ஒன்பதுக்கு 6,600. எல்லாமே ஒரே வரம்பிலிருந்து வந்த எண்கள்தான்: விளிம்பு வேகம் நொடிக்கு 80 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஏழு இஞ்ச் டிஸ்கை 11,000 சுற்றில் ஓட்டினால் அது 100 மீட்டரைத் தாண்டிவிடும். டிஸ்க் துண்டுதுண்டாகத் தெறிக்கலாம். மெஷினின் பெயர்ப்பலகையில் உள்ள வேகம், டிஸ்கில் உள்ள வேகத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கார்டு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் சமரசமே கிடையாது.

ஆஃபரில் 50 டிஸ்க் பெட்டி வாங்கி வைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். டிஸ்கின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். அது காலாவதித் தேதி. தயாரித்ததிலிருந்து 3 வருடம். பிசினும் கண்ணாடியிழை வலையும் சேர்ந்த பொருள் அது, ஈரம் பட்டால் பலம் போய்விடும். தரையில் சாய்த்து வைக்காமல், காய்ந்த இடத்தில் படுக்கை வசமாக அடுக்குங்கள். கீழே விழுந்த டிஸ்கை மாட்டாதீர்கள். புது டிஸ்க் மாட்டியதும், அது சுழலும் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். 1 மி.மீ. கட்டிங் டிஸ்கின் பக்கவாட்டில் எதையும் தேய்க்காதீர்கள். தேய்க்க 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க் தனியாக இருக்கிறது.

கரண்ட் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? மெஷினை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். ஸ்லைடு சுவிட்ச் ஆனிலேயே இருக்கும். கரண்ட் வந்ததும் மெஷின் மேசையில் தானாகவே ஓடும். நம் ஊர் மின்வெட்டுக்கு இது சாதாரணமாக நடக்கிற விஷயம். கரண்ட் போனதும் முதல் வேலை சுவிட்சை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்குவது. டிஸ்க் மாற்றும்போதும் அப்படியே.

கார்ட்லெஸ் டூல் மோகம் தனிக் கதை. 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று விற்பது பெரும்பாலும் ஒரே அமைப்புதான். உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசை. ஒரு செல்லுக்கு 3.6 என்று கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் 4.2 என்றால் 21. 48, 88 என்று பெரிய எண்ணைப் போட்டு வரும் மலிவு டிரில்களின் பேட்டரியைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே ஐந்து செல் வரிசைதான் கிடக்கும். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். எத்தனை ஆம்பியர் ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு), அந்த பேட்டரி இரண்டு வருடம் கழித்தும் தனியாகக் கிடைக்குமா, ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கம்பெனி பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றில் உட்காராது. ஆஃபருக்காக மூன்று கம்பெனி வாங்கினால் மூன்று சார்ஜர், ஆறு பேட்டரி, எல்லாவற்றையும் மாறிமாறிப் பயன்படுத்த வேலை கிடைக்காது. தீர்ந்துபோன நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் லித்தியம் பேட்டரி செத்துவிடும். பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் வேண்டவே வேண்டாம். உப்பிய பேட்டரியை "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று சார்ஜில் போடாதீர்கள். ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது.

கைக்கருவிக்கு வருவோம். நூற்றுக்கும் மேற்பட்ட பீஸ் உள்ள பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் பிட்டுகளும் நீங்கள் தொடவே போகாத அளவுகளும்தான் இருக்கும். எம் 6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டின் தலைக்கு 10 மி.மீ. சாக்கெட், எம் 8-க்கு 13, ஜப்பானிய வகை வண்டிகளில் அதற்கே 12. இவை மூன்றும் நல்ல எஃகில், ஆறு முனை சாக்கெட்டாக இருந்தால் வீட்டு வேலையின் பெரும்பகுதி முடிந்தது. பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த போல்ட்டின் மூலையை மழுக்கிவிடும். நம் ஊர் ஸ்டார் ஸ்க்ரூக்களில் அதிகம் வருவது இரண்டாம் நம்பர். அதற்கு ஒரு நல்ல திருப்புளி வாங்கினால் போதும். ஒன்றாம் நம்பரை வைத்து அழுத்தித் திருகினால் ஸ்க்ரூவின் வாய் போகும், திருப்புளி நழுவி உள்ளங்கையைக் குத்தும்.

உளி மழுங்கினால் புது உளி வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. புது உளியும் கூராக வருவதில்லை ஐயா. கடையிலிருந்து வந்த உளியின் தட்டைப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மெஷின் கல்லின் கோடுகள் குறுக்கே தெரியும். வாய்ப் பக்கம் ஓர் இஞ்சாவது சாணைக்கல்லில் தட்டையாகப் படிய வைத்து அந்தக் கோடுகள் மறையும்வரை தேய்க்க வேண்டும். பிறகு சரிவை 25 டிகிரியில் பிடித்து, கடைசியாக நுனிக்கு மட்டும் 30 டிகிரியில் சில இழுப்பு. பின்பக்கம் விரல் வைத்தால் நெருநெருவென்று ஒரு பிசிர் தட்டும். தட்டைப் பக்கத்தைத் திருப்பி வைத்து அதை எடுத்துவிட்டால், நாளிதழ்த் தாளைக் கிழிக்காமல் அறுக்கும். மழுங்கிய உளிதான் ஆபத்து. பலம் போட்டுத் தள்ளுவோம், அது நழுவும், மரத்தைப் பிடித்திருக்கும் இடது கை அதன் வழியில் இருக்கும். இரண்டு கையும் எப்போதும் உளி வாய்க்குப் பின்னால் இருக்கட்டும்.

அப்படியானால் மரத்தைப் பிடிப்பது யார்? வைஸ், அல்லது இரண்டு சி கிளாம்ப். காலால் மிதித்துக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டு வெட்டுவதும் துளை போடுவதும்தான் பல காயங்களுக்கு வழி. மெல்லிய தகட்டில் துளை போடும்போது பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில் தகட்டையே பற்றிச் சுழற்றும். தகடு கையில் இருந்தால் விரலை அறுக்கும். அங்கே கையுறை போட்டால் இன்னும் மோசம், துணியைச் சுருட்டி விரலையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, தளர்ந்த லுங்கி, கழுத்தில் சங்கிலி எதுவும் சுழலும் மெஷின் பக்கம் வரக் கூடாது. கூலிங் கிளாஸ் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கமும் மூடிய கண்ணாடி ஒன்று வாங்குங்கள், மலிவுதான்.

தயவுசெய்து அடுத்த மெஷினுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு வைஸ், ஒரு கண்ணாடி, ஒரு இருபக்கச் சாணைக்கல் முதலில் வாங்குங்கள். மெஷின் எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த ஆஃபரும் வரும். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊராக இருந்தால் கூடவே ஒரு சின்ன டப்பா மெஷின் ஆயிலும். வேலை முடிந்து பெட்டியில் வைக்கும் முன் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

இதையெல்லாம் மீறி விபத்து நடந்துவிட்டால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் போட வேண்டாம். விரல் துண்டாகியிருந்தால் அதைத் தேடி எடுத்து, நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பையில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, தண்ணீரிலோ பாலிலோ ஊறக் கூடாது. 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டாகியிருக்கிறது என்று சொல்லுங்கள், ஒட்டவைக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக அது உதவும்.